கொள்கையா, கட்சியா, மக்களா? மொரிசியஸ் அரசியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரிசியஸில் எங்கள் பிள்ளைகள் வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோலும் பள்ளியில் ஆங்கிலம், பிரெஞ்சும் பேசி வளர்கிறார்கள். தமிழ், வகுப்பிலும் கோயிலிலும் கிடைக்கிறது. எந்த மொழியில் பேசினாலும் அரசியல் வந்துவிட்டால் பேச்சு நிற்பதில்லை. நேற்று மேடையில் திட்டிக்கொண்ட இரண்டு தலைவர்கள் இன்று ஒரே மேடையில் கைகோத்து நிற்பது எப்படி என்ற குழப்பமே பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் இருக்கிறது. தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் தமிழ்நாட்டு நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் கருத்தும் கலந்துதான் இருக்கிறது.

முதலில், உங்கள் ஊரில் தேர்தல் எப்படி நடக்கிறது?

மொரிசியஸ் தீவில் 20 தொகுதிகள். ஒரு தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள். வாக்காளரும் மூன்று பேருக்கு வாக்குப் போட வேண்டும். ரொட்ரீக்ஸ் தீவுக்கு இரண்டு இடங்கள். ஆக 62. இதற்கு மேல், தோற்றவர்களில் நன்றாக வாக்கு வாங்கியவர்களிலிருந்து சமூக வாரியாக எட்டுப் பேர் வரை சபைக்குள் சேர்க்கலாம். இதைத்தான் பெஸ்ட் லூசர் முறை என்கிறார்கள். அதற்காக அரசியல் சட்டம் மக்களை நான்கு பிரிவாக வைத்திருக்கிறது: இந்துக்கள், முஸ்லிம்கள், சீன வம்சாவளியினர், மற்ற எல்லோரும் அடங்கும் பொது மக்கள். தமிழர்களுக்குத் தனிப் பிரிவு கிடையாது. இந்துக்களோடு சேர்த்துத்தான் எண்ணுவார்கள்.

இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். தொகுதிக்கு மூன்று பெயர் என்றால் மூவரும் ஒரே சமூகமாக இருக்க எந்தக் கட்சியும் துணியாது. நாடு முழுக்க எல்லாச் சமூகத்திலும் ஆள் பலம் உள்ள கட்சி எதுவும் இல்லை. எனவே கூட்டணி இல்லாமல் ஆட்சி இல்லை. கூட்டணி என்று வந்துவிட்டால் கொள்கையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே தீர வேண்டும்.

கொள்கை, கட்சி, மக்கள் ஆகிய மூன்றில் ஒரு தலைவருக்கு எது முதலில் இருக்க வேண்டும்?

நேரத்துக்கு நேரம் மாறும். ஒரே வரிசையை எப்போதும் பிடித்துக்கொண்டிருப்பவர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆட்சி நடத்த மாட்டார். விட்டுக்கொடுத்தாரா என்பதை மட்டும் வைத்து நான் ஒரு தலைவரை எடை போடுவதில்லை. எதை விட்டுக்கொடுக்கப் போகிறார் என்பதை வாக்குக் கேட்கும்போதே சொன்னாரா, பதவியில் உட்கார்ந்த பிறகு சொன்னாரா என்று பார்ப்பேன். எங்கள் ஊர் வரலாற்றில் நல்லபடி முடிந்த சமரசங்களையும் கசப்பாக முடிந்தவற்றையும் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான் பிரிகின்றன. கீழே வரும் பதில்களில் அதைப் பார்க்கலாம்.

ரூபாய் நோட்டுகளில் இருக்கும் தலைவர்கள் ஒருவரை ஒருவர் எதிர்த்தவர்களாமே?

ஆமாம். நோட்டுகளை வரிசையாக மேசையில் வைத்துப் பாருங்கள். 100 ரூபாயில் ரங்கநாதன் சீனிவாசன். தொழிற்கட்சியில் இருந்த தமிழ் வழக்கறிஞர், 1958இலேயே இறந்துவிட்டார். 200இல் அப்துல் ரசாக் முகமது. 500இல் சுக்தேவ் பிசுந்தயால். 1,000இல் கய்த்தான் துவால். 2,000இல் தொழிற்கட்சித் தலைவரும் விடுதலைக்குப் பின் முதல் பிரதமருமான சிவசாகர் ராம்கூலம்.

1967 ஆகஸ்ட் தேர்தலில் ஒரே கேள்வி: பிரிட்டனிடமிருந்து விடுதலை வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்று ராம்கூலம், பிசுந்தயால், ரசாக் முகமது மூவரும் ஒரே அணியில் நின்றார்கள். பிரிட்டனோடு சேர்ந்தே இருப்போம் என்று துவாலின் பி.எம்.எஸ்.டி. கட்சி எதிர்த்து நின்றது. விடுதலை அணி ஜெயித்தது. ஆனால் ஏறக்குறைய 44 சதவீதம் பேர் துவால் பக்கம் வாக்களித்திருந்தார்கள். 1968 ஜனவரியில் போர்ட் லூயிஸில் இனக் கலவரம் வெடித்து பிரிட்டிஷ் துருப்புகள் வந்து இறங்க வேண்டியதாயிற்று. மார்ச் 12ஆம் தேதி கொடி ஏறியபோது நாட்டின் பெரிய பகுதி அதைக் கொண்டாடும் மனநிலையில் இல்லை.

ராம்கூலம் அப்போது செய்த காரியம் அவருடைய ஆட்களுக்கே பிடிக்கவில்லை. 1969இல் துவாலையே கூட்டணிக்குள் கொண்டுவந்தார். துவால் வெளியுறவு அமைச்சரானார். விடுதலையை எதிர்த்தவர் விடுதலை பெற்ற நாட்டின் சார்பில் உலக மேடைகளில் பேசினார். பிசுந்தயால் கோபித்துக்கொண்டு வெளியேறினார்.

நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான பேர் வேண்டாம் என்ற ஒன்றை நடத்திக் காட்ட வேண்டுமென்றால் அவர்களையும் உள்ளே சேர்க்கத்தான் வேண்டும். துவாலைச் சேர்த்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டணி இன்னொன்றையும் செய்தது. 1972இல் நடக்க வேண்டிய தேர்தலை 1976க்குத் தள்ளிவைத்தது. 1970இல், ராம்கூலத்தின் சொந்தக் கோட்டையான திரியோலே தொகுதி இடைத்தேர்தலில் புதிதாகப் பிறந்த எம்.எம்.எம். கட்சி ஜெயித்திருந்தது. மக்கள் மனம் மாறுவது கண்முன் தெரிந்தது. தேர்தலுக்குப் பதிலாக 1971 டிசம்பரில் நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் சிறைக்குப் போனார்கள். இதை எந்த நியாயம் சொல்லியும் என்னால் ஏற்க முடியவில்லை. கூட்டணி சேர்ந்ததை மக்களிடம் கொண்டுபோய் வாக்குக் கேட்டிருந்தால் தோற்றிருக்கலாம், ஆனால் அந்தக் கூட்டணிக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

அப்படியானால் மக்கள் கருத்து அந்த வருடங்களில் எடுபடவே இல்லையா?

எடுபட்டது, தெருவிலிருந்து. 1975 மே 20ஆம் தேதி மாணவர்கள் தலைநகரை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்தது. அதே வருடம் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது. 1976 டிசம்பர் தேர்தலுக்கு முன் இலவச உயர்நிலைக் கல்வி அறிவிக்கப்பட்டு, 1977இல் நடைமுறைக்கு வந்தது. வாக்குக்காகத்தான் கொடுத்தார் ராம்கூலம் என்று சொன்னவர்கள் உண்டு. இருக்கட்டும். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களின் பெண் பிள்ளைகள் அதனால்தான் உயர்நிலைப் பள்ளி வாசல் ஏறினார்கள். வாக்குக்குப் பயந்து செய்த நல்லதும் நல்லதுதான்.

அந்தத் தேர்தலில் எம்.எம்.எம். 34 இடங்களோடு முதலிடம் வந்தது. தொழிற்கட்சி அணிக்கு 28, பி.எம்.எஸ்.டி.க்கு 8. பின்னவை இரண்டும் சேர்ந்து 36 ஆக்கி ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டன.

1982இல் எல்லா இடத்தையும் ஜெயித்த கட்சி ஒரே வருடத்துக்குள் எப்படி உடைந்தது?

1982 ஜூனில் எம்.எம்.எம். கூட்டணி தீவின் 60 இடங்களையும் அள்ளியது. அனிருத் ஜக்நாத் பிரதமர், கட்சியின் பொதுச்செயலாளர் பால் பெரஞ்சே நிதியமைச்சர். 1983 மார்ச்சில் பெரஞ்சேயும் பெரும்பாலான எம்.எம்.எம். அமைச்சர்களும் பதவி விலகினார்கள். ஜக்நாத் எம்.எஸ்.எம். என்று புதுக் கட்சி தொடங்கி, முந்தைய வருடம் தாம் தரைமட்டமாக்கிய தொழிற்கட்சியோடும் துவாலோடும் சேர்ந்து ஆகஸ்டில் மறுபடி ஜெயித்தார்.

காரணம் ஒன்றல்ல. பெரஞ்சே செலவைக் கடுமையாகக் குறைத்தார், கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு. கிரியோலுக்கு அதிக இடம் தர வேண்டும் என்பது அவர் பக்கத்தின் பிடிப்பு; மார்ச் 12 சுதந்திர நாளில் தேசிய கீதம் கிரியோலில் ஒலிபரப்பானது பலருக்கு நெருப்பைப் போட்டதுபோல் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஆட்சியை நடத்துவது பிரதமரா, கட்சியின் பொதுச்செயலாளரா என்ற கேள்வி.

முழு வெற்றி கட்சி ஒற்றுமைக்கு நல்லதல்ல என்பது என் கருத்து. எதிரே யாரும் இல்லாதபோது உள்ளே இருப்பவர்களே எதிர்க்கட்சி ஆகிவிடுகிறார்கள். 1995இல் தொழிற்கட்சியும் எம்.எம்.எம்.மும் சேர்ந்து மறுபடி 60க்கு 60 வாங்கின. 1997இல் பிரிந்தன.

சொன்னபடி பதவியை விட்டுக்கொடுத்த தலைவர் யாராவது உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இதுதான். 2000 தேர்தலுக்கு முன் ஜக்நாத்தும் பெரஞ்சேயும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஜெயித்தால் முதல் மூன்று வருடம் ஜக்நாத் பிரதமர், அடுத்த இரண்டு வருடம் பெரஞ்சே. பிரெஞ்சு வம்சாவளியில் வந்த ஒருவர், இந்து அல்லாத ஒருவர், பிரதமராவதை இந்த நாடு ஏற்காது என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. அதை ஒளிக்காமல் ஊர் ஊராகச் சொல்லி வாக்குக் கேட்டார்கள். 62இல் 54 இடங்கள் கிடைத்தன.

2003 செப்டம்பர் 30ஆம் தேதி பெரஞ்சே பிரதமரானார். ஜக்நாத் குடியரசுத் தலைவராகப் போனார். கொடுத்த சொல் நின்றது. 2005இல் அந்தக் கூட்டணி தோற்றது வேறு கதை.

இதோடு 2017ஐ ஒப்பிடுங்கள். அந்த ஜனவரியில் அதே அனிருத் ஜக்நாத் பதவி விலகி மகன் பிரவிந்திடம் பிரதமர் பொறுப்பு போனது. சட்டப்படி குற்றமில்லை, சபையில் பெரும்பான்மை உள்ளவர் பிரதமராகலாம். ஆனால் 2014 தேர்தலில் மக்கள் அப்பாவைப் பிரதமராக்கத்தான் வாக்களித்தார்கள். 2003இல் யாருக்கும் ஏமாந்த உணர்வு வரவில்லை, 2017இல் நிறையப் பேருக்கு வந்தது.

1998இல் நோட்டில் தமிழ் எழுத்து இடம் மாறியதாமே, அது என்ன விஷயம்?

எங்கள் நோட்டுகளில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் எழுத்து இருக்கும். 1998இல் வந்த புதிய நோட்டுகளில் இந்தி மேலே போய்த் தமிழ் கீழே இறங்கியிருந்தது. பார்த்ததும் தமிழர்கள் கொதித்துப்போனார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே கைவினைஞர்களாக வந்து போர்ட் லூயிஸைக் கட்டியெழுப்பியதில் பங்குள்ளவர்கள் தமிழர்கள். ஒப்பந்தக் கூலிகளாக வட இந்தியர்கள் பெருவாரியாக வந்தது 1834க்குப் பிறகு. அந்த வரிசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதே எங்கள் வாதம். எதிர்ப்பு வலுத்து, கடைசியில் அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 1999இல் பழைய வரிசையோடு புதிதாக அச்சாகின.

அரசு சிறுபான்மையின் சத்தத்துக்குப் பயந்து பின்வாங்கியது என்று அப்போதே விமர்சனம் இருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்தி பேசியவர்களின் வழிவந்தோர்தான் அதிகம்; அவர்களுக்கும் உணர்வு உண்டு. ஆனால் வழக்கத்தில் இருந்த ஒன்றை மாற்றியவர்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்காமல் செய்ததைத் திருப்பிப் போடுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. தமிழன் என்பதால் இப்படிச் சொல்கிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு யாரையும் கேட்காமல் இந்தியைக் கீழே இறக்கினாலும் இதையே சொல்வேன்.

கொள்கைக்காகப் பெரிய பதவியையே விட்டவர்கள் இருக்கிறார்களா?

2002 பிப்ரவரி. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்த பிறகு எல்லா நாடுகளும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தன. மொரிசியஸ் நாடாளுமன்றமும் ஒன்றை நிறைவேற்றியது. மனித உரிமைக்கு ஆபத்தான பிரிவுகள் இருக்கின்றன என்று குடியரசுத் தலைவர் காசிம் உத்தீம் கையெழுத்துப் போட மறுத்தார். எங்கள் அரசியல் சட்டப்படி குடியரசுத் தலைவர் ஒரு மசோதாவை ஒரு தடவைதான் திருப்பி அனுப்பலாம். சபை மறுபடி நிறைவேற்றினால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். உத்தீம் பதவி விலகினார். பொறுப்புக்கு வந்த துணைத் தலைவர் அங்கிடி செட்டியார், நம் ஆள், அவரும் மறுத்தார், அவரும் விலகினார். அடுத்துப் பொறுப்பு தலைமை நீதிபதிக்குப் போயிற்று. அவர் அரிரங்க பிள்ளை, அவரும் தமிழர். அவர் கையெழுத்திட்டார், சட்டம் ஆனது.

செட்டியாரை வீரராகவும் பிள்ளையை வளைந்துகொடுத்தவராகவும் கதை சொல்லுவோர் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த சபை இரண்டாம் தடவை நிறைவேற்றியதைத் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் தடுக்கக் கூடாது என்பதும் கொள்கைதான். ஒரு நீதிபதியிடம் அதைத்தான் எதிர்பார்க்க முடியும். மனசாட்சி இடம் கொடுக்காதவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சட்டத்தை முடக்காமல், எழுந்து வெளியே போனார். செட்டியார் 2007இல் மறுபடியும் துணைத் தலைவராக வந்து, 2010இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை வேண்டாம் என்றவரை இந்த நாட்டு அரசியல் ஒதுக்கிவிடவில்லை.

இந்தியாவில் கட்சி தாவினால் பதவி போய்விடும். அங்கே?

இந்தியாவில் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் போன்றது இங்கே இல்லை. கொறடா உண்டு, கட்சிக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் கட்சி மாறினாலும், எதிர்த்து வாக்களித்தாலும் உறுப்பினர் பதவி பறிபோகாது. அதனால் பணத்துக்கும் பதவிக்கும் தாவியவர்கள் எங்களிடம் ஏராளம்; ஒவ்வொரு தேர்தலிலும் மக்கள் அவர்களைப் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள்.

ஆனாலும் இந்தியா மாதிரிச் சட்டம் இங்கே வர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். 2016 டிசம்பரில் அரசு வழக்குத் தொடர்வு இயக்குநரின் அதிகாரத்துக்கு மேலே ஒரு குழுவை வைக்கும் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. கூட்டணியில் இருந்த பி.எம்.எஸ்.டி.யின் தலைவர், கய்த்தான் துவாலின் மகன் சேவியர் லுக் துவால், துணைப் பிரதமர் பதவியை விட்டு வெளியேறினார். திருத்தத்துக்குத் தேவையான நான்கில் மூன்று பங்கு அரசிடம் இல்லாமல் போனது, மசோதா நின்றது. கூட்டணி முக்கியம்தான், ஆனால் வெளியே போகக் கதவு திறந்திருப்பதும் முக்கியம்.

பெஸ்ட் லூசர் முறையை எல்லாத் தலைவர்களும் குறை சொல்கிறார்கள், ஏன் மாற்றவில்லை?

மேடையில் எல்லோரும் ஒரே தேசம் என்று பேசலாம். மாற்ற வேண்டுமென்றால் பெரிய பெரும்பான்மை வேண்டும், ஒவ்வொரு கட்சிக்குள்ளும் ஏதாவது ஒரு சமூகம் பயப்படும். 1972 கணக்கெடுப்புக்குப் பிறகு சமூகம் எது என்று கேட்பதே இல்லை. ஆகவே இன்றைக்கும் அரை நூற்றாண்டு பழைய எண்களை வைத்துத்தான் இடம் ஒதுக்குகிறார்கள். 2014 தேர்தலுக்கு மட்டும், சமூகத்தை அறிவிக்காமலே போட்டியிடலாம் என்று ஒரு தற்காலிகத் திருத்தம் வந்தது. அத்தோடு சரி. 2018இல் கொண்டுவந்த சீர்திருத்த மசோதாவும் தேறவில்லை.

கூட்டணிக் கணக்கு மட்டும் போதுமா?

2014ஐப் பாருங்கள். தொழிற்கட்சியும் எம்.எம்.எம்.மும் நாட்டின் இரு பெரிய கட்சிகள். இரண்டும் சேர்ந்தால் யார் எதிர்க்க முடியும் என்று நினைத்தார்கள். சிவசாகரின் மகனும் தொழிற்கட்சித் தலைவருமான நவீன் ராம்கூலம் கூடுதல் அதிகாரமுள்ள குடியரசுத் தலைவராகவும் பெரஞ்சே பிரதமராகவும் ஆவதற்குத் திட்டம். வாக்குகளைக் கூட்டினார்கள், வாக்காளரைக் கேட்கவில்லை. அனிருத் ஜக்நாத்தின் எதிரணிக்கு 47, இவர்களுக்கு 13.

முதியோர் ஓய்வூதியம் ஏன் எல்லா ஆட்சியையும் ஆட்டிவைக்கிறது?

இங்கே வசதி பார்க்காமல் வயதானவர்கள் எல்லோருக்கும் அரசு மாதாமாதம் பணம் தருகிறது. தாத்தா பாட்டி உள்ள எந்த வீட்டிலும் அந்தப் பணம் வரும் நாள் எல்லோருக்கும் தெரியும். மின்சாரக் கட்டணம், மருந்து, பேரப் பிள்ளையின் டியூஷன் எல்லாம் அதிலிருந்துதான். 2004இல் ஜக்நாத்–பெரஞ்சே கூட்டணி அரசு வருமானம் பார்த்துத் தருவது என்று மாற்றியது, 2005இல் தோற்றது, வந்தவர்கள் பழையபடி ஆக்கினார்கள். அதிலிருந்து எல்லோரும் பாடம் கற்றார்கள், ஆனால் தப்பான பாடம். 2014இல் 5,000 ரூபாய் என்றார்கள், 2019இல் 13,500 என்றார்கள். ஏலம் மாதிரி ஏறியது. முதியவர்கள் பெருகும் நாட்டில் இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்ல எந்தக் கட்சிக்கும் தைரியம் இல்லை.

2025 ஜூன் வரவு செலவுத் திட்டத்தில் நவீன் ராம்கூலம் அரசு, தகுதி வயதை 60இலிருந்து படிப்படியாக 65 ஆக்குவதாக அறிவித்தது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். கணக்கைப் பார்த்தால் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழு மாதத்துக்கு முன் வாக்குக் கேட்டபோது இதைச் சொல்லவில்லையே என்பதுதான் எதிர்ப்பின் முதல் குரல், அந்தக் குரலில் நியாயம் இருக்கிறது. 59 வயதில், இன்னும் ஒரு வருடம்தான் என்று எண்ணிக்கொண்டிருந்த கட்டடத் தொழிலாளிக்கு நாட்டின் கடன் நிலைமையை எப்படிப் புரியவைப்பீர்கள்? முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் கோபப்பட்டிருப்பார், ஆனால் துரோகம் என்று சொல்லியிருக்க மாட்டார்.

சாகோஸ் தீவுகளை 1965இல் விட்டுக்கொடுத்தது சரியா?

பிள்ளைகள் கேட்பதில் கடினமான கேள்வி இது. 1965 செப்டம்பரில் விடுதலைப் பேச்சுவார்த்தைக்காக லண்டனுக்குப் போயிருந்த சிவசாகர் ராம்கூலத்தை பிரிட்டிஷ் பிரதமர் ஹரோல்ட் வில்சன் தனியே சந்தித்தார். விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் கிடைக்காமல் போகலாம் என்ற பயத்தையும் ஒன்றாகக் காட்டும்படி வில்சனுக்கு அவருடைய அதிகாரிகள் எழுதிக் கொடுத்த குறிப்பு பின்னாளில் வெளியானது. மொரிசியஸோடு இருந்த இந்தியப் பெருங்கடல் தீவுக்கூட்டமான சாகோஸ் பிரிக்கப்பட்டு பிரிட்டன் வசமே நின்றது, ஈடு 30 லட்சம் பவுண்டு. பி.எம்.எஸ்.டி. அமைச்சர்கள் விலகினார்கள், ஆனால் அவர்கள் சண்டை முக்கியமாகத் தொகையையும் நிபந்தனையையும் பற்றியது. அந்தத் தீவுகளில் வாழ்ந்த மக்கள் 1973க்குள் முழுதாக அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மிரட்டலின் கீழ் எடுத்த முடிவுக்கு ராம்கூலத்தை மட்டும் பழி சொல்ல என் மனம் ஒப்பவில்லை. 2019இல் சர்வதேச நீதிமன்றமும் அந்தப் பிரிப்பு சட்டப்படி நடக்கவில்லை என்று கருத்துச் சொன்னது. பிறகு 2025 மே 22ஆம் தேதி, அவருடைய மகன் நவீன் பிரதமராக இருந்தபோது, தீவுகளின் இறையாண்மை மொரிசியஸுக்கு என்றும் அங்குள்ள தியேகோ கார்சியா ராணுவத் தளம் பிரிட்டனுக்கு 99 வருடக் குத்தகைக்கு என்றும் ஒப்பந்தம் கையெழுத்தானது. முந்தைய அரசு ஒப்புக்கொண்டிருந்த நிபந்தனைகள் போதாது என்று நவீன் அரசு மறுபடி பேசித்தான் கையெழுத்திட்டது. இதில் எல்லாக் கட்சிகளும் நாற்பது வருடமாக ஏறக்குறைய ஒரே குரலில் பேசியது நம் அரசியலில் அபூர்வம். ஆனால் இந்தத் தடவையும் பேச்சுவார்த்தை மேசையில் சாகோஸ் மக்களுக்கு நாற்காலி போடவில்லை என்று அவர்களில் பலர் சொல்கிறார்கள். 1965இல் நடந்த தவறின் ஒரு பகுதி அப்படியே தொடர்வதாகத்தான் அதை நான் பார்க்கிறேன்.

2024 தேர்தலில் சமூக ஊடகத்தைத் தடை செய்தது எதற்கு?

ரகசியமாகப் பதிவான தொலைபேசி உரையாடல்கள் இணையத்தில் ஒவ்வொன்றாக வெளிவந்தன. நவம்பர் தொடக்கத்தில், பிரவிந்த் ஜக்நாத் ஆட்சியில், தேர்தல் முடியும்வரை சமூக ஊடகம் கிடையாது என்று உத்தரவு வந்தது. எதிர்ப்பு தாங்காமல் மறுநாளே விலக்கினார்கள். நவம்பர் 10ஆம் தேதி தீவின் 60 இடங்களும் நவீன் ராம்கூலத்தின் எதிரணிக்குப் போயின. மக்கள் கருத்தைக் கேட்க விரும்பாதவர் அதன் வாயை அடைக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

தைப்பூசத்துக்குக் கோயிலுக்கு வரும் தலைவர்களை நம்பலாமா?

தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. போர்ட் லூயிஸ் கைலாசம் கோயில் முதல் கிராமத்துக் கோயில்வரை காவடி எடுத்தவர்கள் வெயிலில் நடந்து வருவார்கள், அமைச்சர்கள் மாலையோடு முன்வரிசையில் இருப்பார்கள். அவர்கள் வருவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். வராவிட்டால் நம்மை மதிக்கவில்லை என்போம்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு வருடம், பேச்சு முடிந்து காருக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அமைச்சரின் கையை ஒரு பாட்டி பிடித்துக்கொண்டார். நெற்றி நிறைய விபூதி, கையில் பால் செம்பு. கிரியோலில் கேட்டார்: மேடையில் தமிழை வாழ்த்தினாயே மகனே, எங்கள் பள்ளியில் போன டெர்மிலிருந்து தமிழ் டீச்சர் இல்லையே, அது தெரியுமா? அமைச்சர் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். உதவியாளர் குறிப்பேட்டை எடுத்தார். பாட்டி பள்ளியின் பெயரைச் சொல்லி, எழுதி முடிக்கும்வரை கையை விடவில்லை. அடுத்த டெர்மில் டீச்சர் வந்தார்.

என்னைப் போன்ற சாதாரண ஆள் இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?

நாடாளுமன்றம் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை கூடும். இப்போது நேரடியாகப் பார்க்கலாம். யார் என்ன பேசினார் என்பதன் முழுப் பதிவும் நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் தொகுதியின் மூன்று உறுப்பினர்கள் பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவரைத்தான் பலருக்குத் தெரிகிறது. தேர்தல் நேரத்தில் வீட்டுக்கு வரும் கட்சி அறிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய அறிக்கை கையில் இருந்தால், மூன்று வருடம் கழித்துக் கேட்கும் கேள்வி கூர்மையாக இருக்கும். மே தினக் கூட்டத்துக்கு பஸ் வருகிறது, பிரியாணி கிடைக்கிறது என்று போகிறவர்களையும் நான் தடுப்பதில்லை. போங்கள். பேச்சைக் கேட்டு, எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து எழுதி வையுங்கள்.